மடியிலே குழந்தை, வானிலே பிரயாணம்

கைக்குழந்தையோடு விமானம் ஏறும் பெற்றோருக்குச் சலுகைகள் பல உண்டு, பாயிண்டுகள் பல உண்டு. அவற்றைவிட மேலாக, கேட்டால் மட்டுமே கிடைக்கும் உரிமைகள் சில உண்டு. பெங்களூரிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை.

விடியற்காலை ஐந்து மணி. தேவனஹள்ளியிலுள்ள கெம்பேகௌடா சர்வதேச விமான நிலையத்தின் இரண்டாவது முனையத்தில், மூங்கில் வேய்ந்த உயர்ந்த கூரையின் கீழ், பாதுகாப்புச் சோதனைக்காக நகர்ந்துகொண்டிருக்கும் வரிசையின் நடுவே ஒரு குடும்பம் நிற்கிறது. தள்ளுவண்டியில் உறங்கும் பதினோரு மாதக் குழந்தையை எழுப்பாமல் தூக்கவேண்டும். தூக்கியபின் வண்டியை ஒற்றைக் கையால் மடக்கி எக்ஸ்ரே யந்திரத்தின் பட்டையில் ஏற்றவேண்டும். லேப்டாப் ஒரு தட்டில், கைப்பேசி ஒரு தட்டில், டயப்பர் பை ஒரு தட்டில். தகப்பனார் ஆடவர் வரிசைக்குப் போய்விட்டார். இத்தனையும் தாயின் தலையில் விழுகிறது. பின்னால் நிற்கும் பாட்டியம்மாள் தம் பையிலிருந்து எவர்சில்வர் பிளாஸ்க்கை எடுத்து நீட்டுகிறார்.

“இதுலே என்ன?” என்று கேட்கிறார் சீருடை அணிந்த காவலர்ப் பெண்மணி.

“ராகிக் கூழும்மா, பிள்ளைக்கு” என்கிறார் பாட்டி.

மூடி திறக்கப்படுகிறது, உள்ளே ஒரு பார்வை, மூடி மூடப்படுகிறது. பிளாஸ்க் கடந்து செல்கிறது. வரிசையில் முன்னால் நின்ற ஓர் இளந்தம்பதி, “குழந்தை ஆகாரத்தை உள்ளே விடமாட்டார்கள்” என்று யாரோ சொன்னதை நம்பி, கலக்கிய பால் முழுவதையும் சற்றுமுன் குப்பைத் தொட்டியில் ஊற்றியிருந்தார்கள். குழந்தை ஆகாரத்துக்கு விதியில் விலக்கு உண்டு என்பதை ஒரு தரப்பு அறிந்திருந்தது. இன்னொரு தரப்பு அறியவில்லை. விமானப் பிரயாணத்தில் பெற்றோர் படும் சிரமங்களில் சரிபாதி இந்த அறியாமையிலிருந்தே பிறக்கிறது.

பெங்களூரில் உத்தியோகம், தமிழ்நாட்டில் பிறந்தகம் என்று வாழும் குடும்பங்களில் குழந்தையின் முதல் விமானப் பிரயாணத்துக்குக் காரணம் பெரும்பாலும் உல்லாசம் அன்று. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு சென்ற பெண், மூன்றாவது அல்லது ஐந்தாவது மாதத்தில் சிசுவோடு கணவன் வீடு திரும்புகிறாள். அல்லது முதல் வருஷம் நிறையுமுன் குலதெய்வத்தின் சந்நிதியில் மொட்டையடித்துக் காது குத்தவேண்டும் என்று பெரியவர்கள் நாள் குறித்துவிடுகிறார்கள். ஆகையால் இந்தப் பிரயாணத்தை ஒத்திவைக்கவும் இயலாது, தட்டிக்கழிக்கவும் இயலாது. இப்படிக் கட்டாயமாக வந்து வாய்க்கும் வாடிக்கையாளரை விமானக் கம்பெனிகள் எப்படி நடத்துகின்றன, சட்டம் எப்படிக் காக்கிறது, பாயிண்டு, மைல் என்று சொல்லப்படும் வெகுமதிகளால் உண்மையில் பிரயோஜனம் உண்டா என்பதே நம் விசாரணை.

நகரத்தோடு வளர்ந்த நிலையம்

2008 மே மாதம் வரை பெங்களூர்வாசிகள் பழைய ஹெச்.ஏ.எல். விமான நிலையத்திலேயே ஏறி இறங்கினார்கள். அது நகரத்துக்குள் இருந்தது. அந்த மாதம் 24-ஆம் தேதி முதல் விமானங்கள் தேவனஹள்ளிக்குப் போயின. 2003-இல் கேப்டன் கோபிநாத் இதே நகரத்திலிருந்து ஏர் டெக்கானைத் தொடங்கி, விமானம் பணக்காரரின் வாகனம் என்ற எண்ணத்தைத் தகர்த்திருந்தார். ‘சூரரைப் போற்று’ படத்தின் வாயிலாகத் தமிழர்கள் அந்தக் கதையை அறிவார்கள். 2022 நவம்பர் 11-ஆம் தேதி இரண்டாவது முனையம் திறந்துவைக்கப்பட்டது. அதே தினத்தில்தான் மைசூர்–சென்னை வந்தே பாரத் ரயிலும் பெங்களூரிலிருந்து கொடியசைத்து அனுப்பப்பட்டது. குழந்தையுள்ள தமிழ்க் குடும்பத்துக்கு இரண்டு வழிகள் ஒரே நாளில் திறந்தன என்று சொல்லலாம். விமானத்தையும் ரயிலையும் பின்னால் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

இரண்டு வயது என்னும் எல்லைக்கோடு

விமானக் கம்பெனியின் கணக்கில் மனிதப் பிறவி மூன்று வகைப்படும்: இரண்டு வயது நிரம்பாத சிசு, இரண்டிலிருந்து பன்னிரண்டு வரையுள்ள குழந்தை, அதற்கு மேற்பட்ட பெரியவர். சிசுவுக்குத் தனி இருக்கை இல்லை, மடியே இருக்கை. ஆனால் அதற்காக அது முற்றிலும் இலவசமாகப் பறக்கிறது என்று எண்ணிவிடலாகாது. உள்நாட்டுப் பிரயாணத்தில் பல கம்பெனிகள் சிசுவுக்கென்று ஒரு நிலையான தொகையை வசூலிக்கின்றன. பெரியவரின் டிக்கெட் மலிவாகக் கிடைக்கும் நாட்களில் அந்தத் தொகை ஒன்றும் அற்பமாகத் தோன்றாது. வெளிநாட்டுப் பிரயாணத்தில் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கும், அதன்மேல் வரிகளும் கேட்கிறார்கள். விமான நிலையம் பிரயாணிகளிடம் வசூலிக்கும் உபயோகிப்பாளர் அபிவிருத்திக் கட்டணத்திலிருந்து மட்டும் இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பூரண விலக்கு உண்டு.

இரண்டாவது பிறந்தநாள் வந்த மாத்திரத்தில் இந்தச் சலுகை மறைகிறது. மலிவுக் கட்டண விமானங்களில் அன்று முதல் குழந்தைக்கும் பெரியவருக்கும் பெரும்பாலும் ஒரே கட்டணம்தான். போகும்போது இரண்டு வயது நிரம்பாமல், திரும்பும்போது நிரம்பிவிடும் குழந்தைக்குத் திரும்பும் வழியில் தனி டிக்கெட் வாங்கவேண்டும் என்பதைப் பல பெற்றோர் செக்-இன் கவுண்டரில் நின்றுதான் முதன்முதலாகத் தெரிந்துகொள்கிறார்கள். ஊர்ப் பிரயாணத்தைப் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னதாக முடித்துக்கொள்வதால் மிச்சமாகும் ரூபாய், எந்த கிரெடிட் கார்டும் தராத வெகுமதியாகும்.

அந்த வயதை நிரூபிக்கும் சுமையும் பெற்றோருடையதே. பெற்றோர் தக்க அடையாள அட்டை வைத்திருந்தால் உடன்வரும் குழந்தைக்கு உள்நாட்டு விமானத்தில் தனி அடையாள அட்டை தேவையில்லை. ஆயினும் ‘இரண்டு வயது நிரம்பவில்லை’ என்பதற்குச் சான்று இல்லாவிட்டால் முழுக் கட்டணமும் கேட்கப்படலாம். நல்ல ஊட்டம் பெற்ற ஒன்றரை வயதுப் பிள்ளை மூன்று வயதுபோலத் தோன்றுவது கவுண்டரில் மாத்திரம் அனுகூலமன்று.

■ பையில் எடுத்து வைக்க வேண்டியவை

• பிறப்புச் சான்றிதழ், அல்லது தடுப்பூசி அட்டை, அல்லது ஐந்து வயதுக்குட்பட்டோருக்கான நீல நிற பால ஆதார். கைப்பேசியில் நகல் இருந்தாலும் காகிதத்தில் ஒன்று இருக்கட்டும்.

• வெளிநாடு என்றால் பச்சிளம் சிசுவுக்கும் பாஸ்போர்ட் கட்டாயம். மைனர்களுக்கு அது ஐந்து வருஷம், அல்லது பதினெட்டு வயது நிரம்பும் வரை, எது முந்தியதோ அதுவரை செல்லும். எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு.

• பால், கூழ், வெந்நீர். வெளிநாட்டு விமானங்களில் திரவத்துக்கு உள்ள 100 மில்லி வரம்பு, பிரயாணத்துக்குத் தேவையான அளவு குழந்தை ஆகாரத்துக்குப் பொருந்தாது. சோதனையில் தனியே எடுத்துக் காட்டவேண்டும்.

• பிரயாண நேரத்தைப்போல் இரண்டு மடங்கு நேரத்துக்கான டயப்பர். குழந்தைக்கு ஒரு மாற்றுடை, தூக்கிச் செல்பவருக்கும் ஒன்று.

• தள்ளுவண்டியைப் பெரும்பாலான கம்பெனிகள் கட்டணமின்றி ஏற்றுக்கொள்கின்றன. விமானத்தின் வாயில்வரை கொண்டுபோகலாமா, இறங்கியதும் அங்கேயே கிடைக்குமா, அல்லது பெட்டிகளோடு பெல்ட்டில்தான் வருமா என்பதைக் கவுண்டரிலேயே கேட்டுக்கொள்க.

பக்கத்து இருக்கை யாருக்கு?

நாலு வயதுப் பிள்ளைக்குப் பன்னிரண்டாவது வரிசையிலும் தாய்க்கு இருபத்தேழாவது வரிசையிலும் இடம் ஒதுக்கிவிட்டு, ‘சேர்ந்து உட்கார விரும்பினால் இருக்கைத் தேர்வுக் கட்டணம் செலுத்துக’ என்று கணினி சொல்லும் அநியாயம் சில வருஷங்களுக்கு முன்புவரை சாதாரணமாக இருந்தது. தாயின் பதற்றத்தையே விலைச்சரக்காக்கும் இந்த வழக்கத்துக்கு எதிராகப் புகார்கள் குவிந்தன. 2024 ஏப்ரலில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமாகிய டி.ஜி.சி.ஏ. ஒரு கட்டளை பிறப்பித்தது. பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு, அதே பி.என்.ஆர். என்னும் முன்பதிவு எண்ணில் பிரயாணம் செய்யும் தாய் தந்தையரில் அல்லது பாதுகாவலரில் ஒருவரோடாவது சேர்த்து இருக்கை ஒதுக்கவேண்டும். அதற்கான பதிவேட்டையும் விமானக் கம்பெனி பராமரிக்கவேண்டும்.

இந்தக் கட்டளையின் உயிர்நாடி ‘அதே பி.என்.ஆர்.’ என்ற சொற்றொடரில் இருக்கிறது. பாயிண்டுகளைச் செலவழித்து ஒரு டிக்கெட்டும், மீதியைப் பணம் கொடுத்தும் வாங்கும் குடும்பங்களில், ஒரே விமானத்துக்கு இரண்டு பி.என்.ஆர். ஆகிவிடுகிறது. குழந்தை தாத்தாவோடு ஓர் எண்ணிலும் தாய் வேறோர் எண்ணிலும் இருந்தால், கம்பெனியின் கணினிக்கு அவர்கள் அந்நியர்களே. ஆகவே, டிக்கெட்டை எப்படிப் பிரித்தாலும், எந்தப் பெரியவரின் அருகில் குழந்தை அமரவேண்டுமோ அவரும் குழந்தையும் ஒரே எண்ணில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது அவசியம். அப்படி இருந்தும் இருக்கைகள் சிதறினால், கட்டணம் செலுத்துமுன் இந்தக் கட்டளையைச் சொல்லிக் கேட்கவேண்டும். கட்டணம் செலுத்தி விரும்பிய ஜன்னலோரத்தைத் தேர்ந்துகொள்வது வேறு விஷயம், அது சௌகரியம். சேர்ந்து உட்காருவது உரிமை.

ஊட்டியின் காற்றும் குழந்தையின் காதும்

விமானம் முப்பதாயிரம் அடிக்கு மேல் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் ஏறத்தாழ ஆறாயிரத்திலிருந்து எண்ணாயிரம் அடி உயரத்துக்குச் சமமாகப் பராமரிக்கப்படுகிறது. உதகமண்டலத்தில் நிற்பவர் சுவாசிக்கும் காற்று எவ்வளவு மெலிந்ததோ, அவ்வளவே இதுவும். ஆரோக்கியமான குழந்தைக்கு இதனால் தீங்கில்லை. பிறந்து 48 மணி நேரம் கழிந்த ஆரோக்கியமான சிசு பறக்கலாம், ஏழு நாட்கள் கழிந்தால் உத்தமம் என்பது சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமாகிய ஐ.ஏ.டி.ஏ.வின் மருத்துவ வழிகாட்டி. குறைப்பிரசவத்தில் பிறந்த குழந்தை, சுவாசக் கோளாறுள்ள குழந்தை, காதில் சீழ் கோத்திருக்கும் குழந்தை ஆகியோரை மருத்துவரைக் கேளாமல் அழைத்துச் செல்லலாகாது.

தொல்லை வருவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். வெளியழுத்தம் கூடக்கூட, நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் சிறு குழல் திறந்து அழுத்தத்தைச் சமன் செய்யவேண்டும். பெரியவர்கள் எச்சில் விழுங்கியோ கொட்டாவி விட்டோ அதைத் திறந்துகொள்கிறார்கள். குழந்தைக்கு அந்தக் குழல் குறுகியது. விழுங்கு என்று சொன்னாலும் அதற்குப் புரியாது. ஆகவே தாய்ப்பாலோ, புட்டிப்பாலோ, ரப்பர் சூப்பானோ, சப்பி விழுங்க ஏதேனும் ஒன்றை அந்த நேரத்தில் கொடுக்கவேண்டும். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு: விமானம் ஏறியவுடன் பசிக்கு முழுப் பாலையும் ஊட்டிவிட்டால் இறங்கும்போது குழந்தை வாய் திறக்காது. பெங்களூரிலிருந்து கோயம்புத்தூரோ திருச்சியோ போகும் குறுகிய பிரயாணத்தில் ஏறி முடிந்த சிறிது நேரத்திலேயே இறக்கம் தொடங்கிவிடும். தரை தொடுவதற்கு அரைமணி முன்னதாகவே பாதிப் பாலைத் தயாராக வைத்திருப்பது விவேகம். உறங்கும் குழந்தையை எழுப்பத் தாய்க்கு மனம் வராது. ஆயினும் சளி பிடித்திருக்கும் குழந்தையை அந்த நேரத்தில் எழுப்பிப் பாலூட்டுவதே கருணை. அழாதிருப்பதற்காகத் தூக்க மருந்து கொடுப்பதை மருத்துவர்கள் ஆதரிப்பதில்லை. சில குழந்தைகளை அது உறங்கச் செய்வதற்குப் பதிலாகக் கிளர்ச்சியடையச் செய்துவிடும்.

நீண்டதூர விமானங்களில் முன்சுவரை ஒட்டிய வரிசையில் பாஸினெட் என்னும் தொட்டில் மாட்டித் தருகிறார்கள். உள்நாட்டில் பறக்கும் சிறிய விமானங்களில் அது கிடையாது. எண்ணிக்கை குறைவாகையால் டிக்கெட் வாங்கிய அன்றே சொல்லிப் பதிந்துகொள்ளவேண்டும். எடைவரம்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். விமானம் குலுங்கும்போதெல்லாம் குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்கி மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள் என்பதையும் அறிந்திருந்தால், இரவு முழுவதும் தூக்கம் கிடைக்கும் என்ற வீண் எதிர்பார்ப்பு ஏற்படாது.

மடி பத்திரமான இடமா?

யாரும் விரும்பிக் கேட்காத இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு விமானப் பணிப்பெண். 1989 ஜூலை 19-ஆம் தேதி, அமெரிக்காவில் யுனைட்டெட் விமானம் ஒன்று 296 பேரோடு சூ சிட்டி என்ற ஊரில் நொறுங்கி இறங்கியது. அதில் மடிக்குழந்தைகள் நால்வர் இருந்தனர். அக்காலத்து விதிப்படி, குழந்தைகளைத் துணியில் சுற்றித் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளுமாறு பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. மோதலின் வேகத்தில் கைப்பிடி போதவில்லை. நால்வரில் ஒரு குழந்தை இறந்தது. அந்த உத்தரவைப் பிரயாணிகளுக்குச் சொல்ல நேர்ந்த தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன், அதன்பின் பல்லாண்டுகள், இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கும் தனி இருக்கையும் பட்டையும் கட்டாயமாக்கவேண்டும் என்று வாதாடினார். அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் அவர் பக்கம் நின்றது. விமானத்துறை நிர்வாகமோ, தனி டிக்கெட் கட்டாயமானால் ஏழைப் பெற்றோர் விமானத்தை விட்டுக் காரில் போவார்கள், சாலையில் அதைவிட அதிகக் குழந்தைகள் மாள்வார்கள் என்று மறுத்தது. இரண்டு தரப்பும் குழந்தையின் உயிரையே சாட்சிக்கு அழைத்தன. வழக்கு இன்னும் முடியவில்லை. 2024 ஜனவரி 5-ஆம் தேதி அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தின் கதவடைப்பு நடுவானில் பிய்ந்து பறந்தபோது, அதனுள் மூன்று மடிக்குழந்தைகள் இருந்தார்கள். உயிர்ச்சேதம் நேரவில்லை என்றாலும் பழைய விவாதம் உயிர்பெற்று எழுந்தது.

நம் நாட்டில் தாயின் பட்டையோடு கோத்துக்கொள்ளும் சிறு பட்டை ஒன்றைப் பணிப்பெண் கொண்டுவந்து கொடுப்பார். கொடுக்கவில்லையென்றால் கேட்டு வாங்கவேண்டும். அமெரிக்காவிலோ ஓடுபாதையிலும் ஏற்ற இறக்கத்திலும் அந்தப் பட்டைக்கு அனுமதியில்லை. மோதலில் தாயின் உடலே குழந்தையை நசுக்கிவிடும் என்பது அவர்கள் அபிப்பிராயம். வசதியுள்ளவர்கள் நீண்ட பிரயாணத்தில் குழந்தைக்கும் ஓர் இருக்கை வாங்கி, கம்பெனி அங்கீகரித்த குழந்தை இருக்கையைப் பொருத்திக்கொள்வதே உத்தமம். ஒரு வரிசையின் ஒரு பக்கத்தில் ஒரே ஒரு மடிக்குழந்தையைத்தான் அனுமதிப்பார்கள் என்பதற்கும் காரணம் உண்டு: சிறிய விமானங்களில் மூன்று இருக்கைகளுக்கு மேலே பிராணவாயு முகமூடிகள் நான்குதான் இருக்கின்றன. இரட்டைக் குழந்தைகளோடு போகும் பெற்றோரைப் பிரித்து உட்காரவைப்பது இதனாலேதான்.

டிசம்பர் கற்பித்த பாடம்

2025 டிசம்பர் முதல் வாரத்தில், விமானிகளின் வேலைநேரம் பற்றிய புதிய விதிகளுக்கு ஏற்ப ஆள் ஏற்பாடு செய்யத் தவறிய இண்டிகோ, நாடெங்கும் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. 5-ஆம் தேதி ஒருநாளில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். மிக அதிகமாகப் பாதிக்கப்பட்ட நிலையங்களில் பெங்களூரும் ஒன்று. பெரியவருக்கு ஒரு ராத்திரி தரையில் படுப்பது அவஸ்தை. பால் தீர்ந்துபோன குழந்தைக்கு அது ஆபத்து. மூன்று மணி நேரப் பிரயாணத்துக்கென்று இரண்டு டயப்பரும் ஒரு புட்டியும் எடுத்துவந்தவர்கள் பட்டபாடு, மேலே சொன்ன ‘இரண்டு மடங்கு’ என்னும் கணக்கின் நியாயத்தை விளக்கும்.

அந்த நாட்களில் அரசாங்கம் டிக்கெட் விலைக்கு உச்சவரம்பு விதித்தது: ஐந்நூறு கிலோமீட்டருக்குள் 7,500 ரூபாய். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கம்பெனி 10,000 ரூபாய்ப் பிரயாணக் கூப்பனும் அறிவித்தது. கூப்பன் கிடைத்தவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் கூப்பனுக்கும் முன்னதாக, அதற்குப் புறம்பாக, நெடுநாளாகவே சட்டத்தில் அவர்களுக்கென்று எழுதிவைத்த பாத்தியதை ஒன்று இருந்தது. அதைப் பலர் கேட்கவே இல்லை.

■ விமானம் தவறினால் உங்கள் பாத்தியதை

• குறுகிய உள்நாட்டு விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் உணவும் சிற்றுண்டியும் தரவேண்டும்.

• ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் மாற்று விமானம், அல்லது முழுப் பணமும் திருப்பித் தரவேண்டும். எதை ஏற்பது என்பது பிரயாணியின் விருப்பம்.

• தக்க முன்னறிவிப்பின்றி ரத்தானால், பணத்தைத் திருப்பித் தருவதோடு நஷ்டஈடும் உண்டு: பறக்கும் நேரம் ஒரு மணிக்குள் என்றால் 5,000, இரண்டு மணிக்குள் 7,500, அதற்கு மேல் 10,000 ரூபாய் வரை. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து இதற்குக் குறைவானால் அந்தத் தொகையே.

• புயல், மூடுபனி முதலிய, கம்பெனியின் கைக்கு மீறிய காரணங்களுக்கு நஷ்டஈடு இல்லை.

பாயிண்டு என்னும் மாயமான்

1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் வாடிக்கையாளருக்கு மைல் கணக்கு எழுதத் தொடங்கிய நாள்முதல், பறக்கப் பறக்கப் பரிசு என்ற இந்த ஏற்பாடு உலகெங்கும் பரவிவிட்டது. நம் நாட்டில் ஏர் இந்தியாவின் திட்டம் இப்போது மகாராஜா கிளப் என்ற பெயரில் நடக்கிறது. இண்டிகோ 2024-இல் புளூசிப் என்று ஒன்றைத் தொடங்கியது. விஸ்தாரா விமானக் கம்பெனி 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு கலந்தபோது அதன் உறுப்பினர்களின் பாயிண்டுகளும் இடம் மாறின.

குழந்தையுள்ள குடும்பத்துக்கு இதில் லாபம் எவ்வளவு? மடிக்குழந்தைக்குப் பொதுவாகப் பாயிண்டு சேராது. இரண்டு வயது நிரம்பி முழு டிக்கெட் வாங்கத் தொடங்கியதும் குழந்தையின் பெயரிலும் கணக்கு திறக்கலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையரில் குறைந்தபட்ச வயது அதுவே. பெரியவருக்குச் சமமாகக் கட்டணம் செலுத்திவிட்டு, குழந்தையின் பங்குக்கு வரும் பாயிண்டை விட்டுவிடுவது வீண் நஷ்டம். ஒவ்வொருவர் கணக்கிலும் சிறுசிறு துளியாகத் தங்கி வறண்டு போகாமல் குடும்பத்தார் அனைவரும் ஒரே கணக்கில் சேர்க்கும் வசதியை எமிரேட்ஸ், ஏர் இந்தியா முதலிய கம்பெனிகள் தருகின்றன. அதில் சேர்வது நன்று. பாயிண்டால் வாங்கும் டிக்கெட்டிலும் வரிகளைப் பணமாகவே கட்டவேண்டும். உயர்வகுப்பு டிக்கெட்டைப் பாயிண்டால் வாங்கியவர், மடிக்குழந்தைக்கென்று பத்தில் ஒரு பங்கு ரொக்கக் கட்டணத்தைக் கேட்டுத் திகைப்பதுண்டு.

இந்தச் செல்வத்தின் நிலையாமையைப் பெங்களூர்க்காரர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. இந்நகரத்தையே தலைமையிடமாகக் கொண்டு 2005-இல் பறக்கத் தொடங்கிய கிங்ஃபிஷர், 2012 அக்டோபரில் தரையிறங்கியபோது, அதன் கிங் கிளப் உறுப்பினர்கள் வருஷக்கணக்காகச் சேர்த்த மைல்களும் அதனோடு தரையிறங்கின. வங்கியில் போட்ட பணத்துக்குக் காப்பீடு உண்டு. விமானக் கம்பெனியில் போட்ட பாயிண்டுக்கு அது கிடையாது. கம்பெனி நொடித்தாலும் போயிற்று. நொடிக்காமல் விதியை மாற்றினாலும் மதிப்புக் குறைந்தது. குழந்தையின் கல்லூரிப் படிப்புக்குச் சேமிப்பதுபோல் இதைச் சேமிக்கலாகாது. வந்ததை வந்த வருஷமே செலவழிப்பதே நலம்.

கிரெடிட் கார்டின் வழியாக வரும் வெகுமதியோ இன்னும் ஜாக்கிரதையோடு அணுகவேண்டியது. நூறு ரூபாய் செலவழித்தால் இரண்டொரு ரூபாய் பெறுமானமுள்ள பாயிண்டு கிடைக்கலாம். ஆனால் ஒரு மாதப் பாக்கியை நிறுத்திவைத்தால் வட்டி மட்டும் மூன்றரை சதவீதத்துக்கு மேலும் போகலாம், வருஷத்துக்கு நாற்பது சதவீதத்தைத் தாண்டும். லவுஞ்சில் இலவசச் சாப்பாடு என்ற ஆசைக்கும் இப்போது கடிவாளம் விழுந்துவிட்டது. முந்தைய மூன்று மாதங்களில் இவ்வளவு செலவழித்திருந்தால்தான் அனுமதி என்று பல வங்கிகள் நிபந்தனை வைத்துவிட்டன. கார்டுக்காரருக்கு இலவசம், உடன்வரும் மனைவிக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் கட்டணம் என்று வாசலில் சொல்லும்போது ஏற்படும் சங்கடம் வேறு. குழந்தைக்கு வேண்டியது பாலூட்ட ஒரு தனியறையும் டயப்பர் மாற்ற ஒரு மேசையும்தான். அவை முனையத்தில் எந்தக் கார்டும் இல்லாமலேயே கிடைக்கின்றன.

ரயிலோடு ஒரு கணக்கு

எலெக்ட்ரானிக் சிட்டியில் வசிக்கும் ஒரு குடும்பம் கோயம்புத்தூர் போகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விமானம் வானில் இருப்பது ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஆனால் வீட்டிலிருந்து தேவனஹள்ளி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல்; நகரத்தின் தென்கோடியிலிருந்து வடகோடியையும் தாண்டிப் போகவேண்டும். நெரிசலைப் பொறுத்து இரண்டு மணி நேரம். குழந்தையோடு என்றால் இரண்டு மணி நேரமாவது முன்னதாகப் போய்ச் சேரவேண்டும். இறங்கியபின் பெட்டி எடுத்து வீடு சேர இன்னும் ஒரு மணி. ஆக, ஆறு மணி நேரம். கோயம்புத்தூர்–பெங்களூர் வந்தே பாரத், 2023 டிசம்பர் 30-ஆம் தேதி தொடங்கியது; சுமார் ஆறரை மணியில் அந்தத் தூரத்தைக் கடக்கிறது; ஓசூரிலேயே ஏறிக்கொள்ளலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி இடம் கேட்காவிட்டால் ரயிலில் கட்டணமே இல்லை. எழுந்து நடக்கலாம், காது வலிக்காது, பிளாஸ்க்கை யாரும் திறக்கச் சொல்லமாட்டார்கள்.

நகரத்தின் வடக்கே ஹெப்பாள் போன்ற பகுதிகளில் இருந்துகொண்டு தூத்துக்குடிக்கோ மதுரைக்கோ போகிறவர்களுக்கு இந்தத் தராசு விமானத்தின் பக்கம் சாயும். ஓசூரில் வருஷத்துக்கு முப்பது மில்லியன் பேரைக் கையாளும் விமான நிலையம் அமைப்பதாகத் தமிழக அரசு 2024 ஜூனில் சட்டசபையில் அறிவித்தது. ஆயினும் தேவனஹள்ளியைச் சுற்றி நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் 2033 வரை புதிய போட்டி நிலையம் கூடாது என்ற ஒப்பந்தம் குறுக்கே நிற்கிறது. அதுவரை தென்பெங்களூர்ப் பெற்றோர், வானில் கழியும் நேரத்தை விட்டு, வாசலிலிருந்து வாசல்வரையுள்ள நேரத்தை எண்ணித் தீர்மானிப்பதே புத்திசாலித்தனம்.

என்ன செய்யவேண்டும்?

பெற்றோர் செய்யவேண்டியது வரிசைமுறையைத் திருத்திக்கொள்வது. டிக்கெட் வாங்கும்போது முதலில் எந்தக் கார்டில் எத்தனை பாயிண்டு என்று பார்க்கிறோம். பிறகு சலுகையைத் தேடுகிறோம். உரிமையைப் பற்றியோ, அது பறிபோன பின்புதான் விசாரிக்கிறோம். சேர்ந்து அமரும் இருக்கை, தாமதத்தில் உணவு, ரத்தில் பணம், சோதனையில் குழந்தையின் பால் ஆகிய இவை சட்டம் தந்தவை. முதலில் இவற்றை அறியவேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட கட்டணமும், இலவசத் தள்ளுவண்டியும், முன்னதாக விமானம் ஏறவிடும் மரியாதையும் கம்பெனி மனமுவந்து தருபவை, நாளைக்கு மாறக்கூடியவை. அடுத்தபடியாக இவற்றைக் கேட்டுப் பெறவேண்டும். பாயிண்டு கடைசியில் வந்தால் வரட்டும்.

அரசாங்கம் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. தாமதமானால் உணவு தரவேண்டும் என்று சொல்லும் விதியில், உணவு என்பது பெரும்பாலும் ஒரு சாண்ட்விச்சும் ஒரு பொட்டலம் ஜூஸுமாக முடிகிறது. பல் முளைக்காத வாய்க்கு அதனால் என்ன பயன்? இரண்டு மணி நேரத் தாமதத்துக்கு மேல், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வெந்நீரும் பால் பவுடரும் டயப்பரும், தாய்க்கு உட்கார ஓர் இடமும் அளிப்பது கம்பெனியின் கடமை என்று அந்த விதியிலேயே ஒரு வாக்கியம் சேர்த்துவிட்டால் போதும். பத்தாயிரம் ரூபாய்க் கூப்பனைவிட அதற்குச் செலவு குறைவு. பிரயாணத்தில் நிற்கும் ஒரு தாய்க்கு அதனால் விளையும் நன்மையோ மிக அதிகம்.